காலிப் படகில் வராத தண்ணீர்

என் கூடப்பிறந்தவர்களில் கடைசி ஆள் இந்தத் தம்பி. வீட்டில் வைத்த பெயர் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோனது. படகுத்துறையில் எல்லோருக்கும் அவன் 'கொஞ்சமிரு'. யார் என்ன அவசரத்தில் வந்து கத்தினாலும், "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருப்பான். இந்தக் குணம் பிறவியிலேயே வந்தது. வலி எடுத்துவிட்டது என்று அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், இன்னும் நேரம் இருக்கிறது என்று அவர்கள் திருப்பி அனுப்ப, மறுபடி கூட்டிப்போய், மறுபடி திருப்பி அனுப்ப, கடைசியில் அப்பா அலுத்துப்போய் வேலைக்குக் கிளம்பின பிறகுதான் இவன் வெளியே வந்தான். "அப்பன் முதுகைப் பார்த்துப் பிறந்தவன்" என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் நடுச்சித்தியின் வீட்டுக்காரர் படகுப் பட்டறையில் வெல்டராக இருந்தார். அவர்தான் இவனைப் பட்டறைக்குள் கொண்டுபோய் விட்டவர். படகை ஓட்டுகிற பெரிய இன்ஜின் பக்கம் போகத்தான் அங்கே எல்லோருக்கும் ஆசை. இவன் மட்டும் மூலையில் கிடக்கும் ஜெனரேட்டர் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டான். ஏன்டா என்று கேட்டதற்கு, "பெரிய இன்ஜின் நின்னா படகுதான் நிக்கும். ஜெனரேட்டர் நின்னா உள்ளே இருக்கிற ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக்குவாங்க. விளக்கு இல்லை, விசிறி இல்லை, டீத்தண்ணி இல்லை. அதனால நமக்கு எப்பவும் வேலை இருக்கும்" என்றான். அதுவும் அப்படியேதான் நடந்தது.

ஜெனரேட்டருக்குத் தண்ணீர் வேண்டும். அவன் சொல்லி எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். படகின் அடியில் ஒரு ஓட்டை, அதற்கு ஒரு வால்வு. வால்வைத் திறந்துவிட்டால், வெளியே இருக்கும் தண்ணீரை ஒரு சின்னப் பம்பு உள்ளே இழுக்கும். அந்தத் தண்ணீர் ஜெனரேட்டரின் சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு சேர்ந்து படகின் பக்கவாட்டில் வெளியே விழும். 'துப்புகிறது' என்பார்கள். துப்பினால் ஜெனரேட்டர் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். துப்பாமல் வெறும் புகை வந்தால் அதற்குக் காய்ச்சல். கொஞ்ச நேரத்தில் தானே மணி அடித்துவிட்டு நின்றுவிடும். தம்பி எந்தப் படகுக்குப் போனாலும் முதல் காரியமாக அந்தத் துப்பலில் கையை நீட்டுவான். எவ்வளவு சூடு, எவ்வளவு கனம், விட்டு விட்டு வருகிறதா, ஒரே சீராக வருகிறதா என்று பார்ப்பான். அவன் வலது சட்டைக்கை எந்நேரமும் ஈரம்தான்.

அவன் பெண்டாட்டி தையல்காரி. எங்கள் பெரியம்மாவுடைய ஓரகத்தியின் மகள். சின்ன வயதிலேயே தாயை இழந்து பெரியம்மா வீட்டில் வளர்ந்தவள். நல்ல கை, அதைவிட நல்ல வாய். பம்பின் மூடியைத் திறந்து மூடினால், மூடிக்கும் பம்புக்கும் நடுவே காகிதத்தில் வெட்டின வளையம் ஒன்று வைக்க வேண்டும், காற்றும் தண்ணீரும் கசியாமல் இருக்க. அதற்குப் பேக்கிங் என்று பெயர். கல்யாணமான புதிதில் தம்பி வீட்டில் உட்கார்ந்து பிளேடால் அதை வெட்டப்போய்க் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டான். இவள் விரலுக்குத் துணி சுற்றிவிட்ட கையோடு காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். பழைய வளையத்தை மேலே வைத்து, துணிக்குக் கோடு போடுகிற சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, கத்தரிக்கோலைச் சுற்றினாள். ஓட்டைகள் எல்லாம் பொத்தான் துளை மாதிரி வந்தன. அன்றிலிருந்து அந்த வீட்டில் பேக்கிங் வெட்டுவது அவள் வேலை. தைக்க வந்த பெண்கள் ஜாக்கெட் துணிக்குப் பக்கத்தில் எண்ணெய் நாற்றம் அடிக்கிறதே என்று முகம் சுளித்தால், "அது என் இன்னொரு வாடிக்கைக்காரருடையது. உங்களைவிட அது ஒழுங்கா அளவு கொடுக்கும்" என்பாள்.

அவர்கள் மகளுக்கு வரன் கூடி வந்தது. மாப்பிள்ளை நல்ல பையன், பேச்சுக் குறைவு. பேசவேண்டியதை எல்லாம் அவன் அப்பாவே பேசிவிடுவார் என்பதால் அப்படி வளர்ந்திருக்க வேண்டும். சம்பந்திக்குச் சொந்தமாக ஒரு சரக்குப் படகு. அதன் நடுவே குளிர் அறை ஒன்று. பால், காய்கறி, இறைச்சி எல்லாம் காலையில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, சாயங்காலம் காலியாகத் திரும்பும். குளிர் அறைக்கு ஜெனரேட்டர்தான் உயிர்.

அந்தப் படகில் டிரைவர் ஒருவன் இருந்தான். இன்ஜினும் அவன் பொறுப்பு, ஜெனரேட்டரும் அவன் பொறுப்பு. நெட்டையன் என்று கூப்பிடுவார்கள். இன்ஜின் அறையின் கூரை அவன் மார்புக்குத்தான் வரும். உள்ளே இருக்கிற வரை முதுகைக் கேள்விக்குறி மாதிரி வளைத்துக்கொண்டு நிற்பான். இடித்து இடித்து நெற்றியில் ஒரு மேடு தங்கிவிட்டது. அதனால் உள்ளே போகும்போது தலையில் பழைய கம்பளித் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொள்வான். கோடையிலும் போட்டுக்கொள்வான். முதன்முதலில் பார்க்கிறவர்கள் இவனுக்குக் குளிர்காய்ச்சலோ என்று நினைப்பார்கள்.

கல்யாண வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது சம்பந்தி வந்து சொன்னார்.

"சம்பந்தி, ஊர்ப் படகையெல்லாம் பாக்குறீங்க. நம்ம படகு என்ன பாவம் பண்ணுச்சு? கல்யாணத்துக்கு முன்னாடி ஜெனரேட்டரை ஒரு பார்வை பார்த்துடுங்க."

"கொஞ்சம் இருங்க. இந்த வாரம் முடிச்சிடறேன்."

போய்ப் பார்த்தான். பம்புக்குள்ளே சுற்றுகிற ரப்பர்ச் சக்கரத்தின் இதழ்கள் தேய்ந்திருந்தன. புதுச் சக்கரம் போட்டான். பழைய பேக்கிங் பிய்ந்து வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, பேக்கிங் காகிதத்தோடு பெண்டாட்டியின் மிஷின் மேல் வைத்துவிட்டுப் படுத்துவிட்டான். காலையில் எழுந்தபோது எண்ணெய் தடவி வெட்டின புதுப் பேக்கிங் தயாராக இருந்தது. கொண்டுபோய் மாட்டினான். படகில் அப்போது சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டரைப் போட்டதும் தண்ணீர் கொட்டியது. கையை நீட்டிப் பார்த்தான். சம்பந்தியும் நீட்டிப் பார்த்தார். "வெந்நீர் வைக்கிற செலவு மிச்சம்" என்று சிரித்தார்.

கொஞ்ச நாளில் வந்தது வினை.

காலையில் சரக்கு ஏற்றுவதற்கு முன் குளிர் அறையைக் குளிர வைத்துக்கொள்ள வேண்டும். அதற்காக நெட்டையன் காலிப் படகில் ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறான். துப்பவில்லை. மணி அடித்து நின்றுவிட்டது. மறுபடி போட்டான், மறுபடி நின்றது. அதற்குள் பால் வண்டியும் இறைச்சி வண்டியும் வந்து நின்றுவிட்டன. வெயில் ஏறுவதற்குள் எங்காவது வைத்தாக வேண்டுமே என்று குளிராத அறையிலேயே ஏற்றிவிட்டார்கள். தம்பிக்கு ஆள் போனது. இவன் வந்து சேர்ந்தபோது படகு நிறைந்திருந்தது. ஜெனரேட்டரைப் போடச் சொன்னான். ஒரே மூச்சில் ஓடியது. தண்ணீர் கனமாக விழுந்தது.

"இப்ப ஓடுதே?" என்றார் சம்பந்தி.

"ஓடுதுங்க முதலாளி. அப்ப ஓடலை" என்றான் நெட்டையன்.

"வால்வைத் திறந்தியா?"

"திறந்துதான் இருந்துச்சு."

சம்பந்தி நம்பவில்லை. அதற்குக் காரணம் உண்டு. பல வருஷங்களுக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில் நெட்டையன் ஒரு தடவை அந்த வால்வைத் திறக்க மறந்து, ஜெனரேட்டரைப் புகைய வைத்திருக்கிறான். அவனே ஒப்புக்கொண்ட தப்பு. அன்றைய பால் முழுக்க அக்கரை போவதற்குள் திரிந்துபோனது.

அடுத்த வாரம் இதே கதை. காலிப் படகில் நின்றது. சரக்கு ஏறி, தம்பி வந்து பார்த்தால் ஓடியது. தம்பி மண்டையைப் பிய்த்துக்கொண்டான். தண்ணீர் உள்ளே வரும் வழியில் இருக்கும் வடிகட்டியைக் கழற்றிப் பாசியும் சிப்பித்துகளும் போகக் கழுவினான். ஹோஸ் பைப் எங்காவது உள்ளுக்குள் உரிந்திருக்குமோ என்று அதையும் புதிதாக மாற்றினான். வால்வைக் கழற்றித் துருவைச் சுரண்டினான். எல்லாவற்றையும் பார்த்தவன் பம்பை மட்டும் திறக்கவில்லை. "அதை நானே இப்பத்தானே மாட்டினேன்" என்று அதைத் தாண்டிப் போய்விட்டான்.

மூன்றாவது தடவை ஒரு வண்டி இறைச்சி கெட்டது. சம்பந்தி படகுத்துறையிலேயே, சுமை தூக்குகிற ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நெட்டையனைப் பார்த்துச் சொல்லிவிட்டார்:

"காலையில எழுந்து தூக்கக் கலக்கத்துல வால்வைத் திறக்கறதில்லை. ஆள் வர்ற சத்தம் கேட்டதும் ஓடிப்போய்த் திறந்து வைக்கிறே. சம்பந்தி வந்து பார்த்தா ஓடத்தான் செய்யும். நான் என்ன காதுல பூ வச்சுக்கிட்டா நிக்கிறேன்? இந்த வாரத்தோட நின்னுக்கோ. புது ஆள் திங்கட்கிழமை வர்றான்."

நெட்டையன் தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு போனானாம். ஆட்களில் ஒருவன், "தொப்பியைக் கழட்டினதும்தான் இவனுக்கு முடி இருக்கிறதே தெரியுது" என்று சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்திருக்கிறார்கள். அது அவனைக் குத்திவிட்டது.

அன்று மத்தியானம் நெட்டையன் என் தம்பி வீட்டுக்கு வந்தான். நான் கல்யாணத்துக்கு வேண்டிய பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி மகளுடைய துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் குனிய வேண்டிய அவசியமே இல்லை, நல்ல உயரமான வாசல். ஆனாலும் குனிந்துதான் உள்ளே வந்தான்.

"அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொன்னா முதலாளி கேப்பாரு. சம்பந்தியாச்சே."

"நான் என்னடா சொல்லட்டும்? நான் வர்றப்பெல்லாம் நல்லாத்தானே ஓடுது."

"அதாண்ணே எனக்கும் புரியலை. அந்த வால்வை நான் மறந்தது ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் வீட்டுல தண்ணிக் குழாயைத் திறந்தாக்கூட ரெண்டு தடவை திருகிப் பார்க்கிறேன். என் சம்சாரம் திட்டுறா. இந்தப் படகை விட்டா எனக்கு யாரு வேலை கொடுப்பாங்க? வால்வு மறக்கிறவன்னு ஒரு பேரு வந்துட்டா, துறையில ஒரு படகுலயும் ஏத்த மாட்டாங்க."

தம்பி பெண்டாட்டி மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். "அது எப்பதான் ஓடுது, எப்பதான் நிக்குது?"

"ஏத்தினா ஓடுது, இறக்கினா நிக்குதுக்கா."

"எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லு. தலையில பாரம் வச்சாத்தான் நடப்பாரு."

நான் சிரித்துவிட்டேன். நெட்டையன்கூட லேசாகச் சிரித்தான். தம்பி சிரிக்கவில்லை. தட்டிலிருந்து எடுத்த கையை அப்படியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன சொன்னே?"

"ஐயோ, விளையாட்டுக்குச் சொன்னேங்க."

"நீ இல்லை. டேய், நீ என்ன சொன்னே? ஏத்தினா ஓடுது, இறக்கினா நிக்குதா? எல்லாத் தடவையுமா?"

நெட்டையன் யோசித்தான். "எல்லாத் தடவையும்தாண்ணே. அக்கரையில சரக்கை இறக்குற வரைக்கும் ஒரு குறையும் இல்லை. நின்னதெல்லாம் காலையில காலியா போட்டப்பத்தான்."

"இத்தனை நாளா இதை ஏன்டா சொல்லலை?"

"யாருண்ணே கேட்டீங்க? எல்லாரும் வால்வைத் திறந்தியான்னுதான் கேட்டீங்க."

தம்பி எழுந்து கையைக் கழுவினான். அவசரமாகச் சட்டையைப் போட்டுக்கொண்டான். அவன் அவசரப்பட்டு நான் பார்த்தது அபூர்வம்.

அன்று மாற்றாள் ஒருவன் ஓட்டிக்கொண்டு அக்கரை போன படகு சாயங்காலம் காலியாகத் திரும்பும் வரை இருவரும் துறையிலேயே காத்திருந்தார்கள். அப்புறம் நடந்ததை நெட்டையன் பல தடவை எனக்குச் சொல்லியிருக்கிறான். படகு வந்து கட்டினதும் தம்பி உள்ளே இறங்கவில்லையாம். வெளியே நின்று அதன் உடம்பையே பார்த்துக்கொண்டிருந்தானாம். பாரம் இல்லாததால் படகு நன்றாக மேலே எழும்பி மிதந்தது. பாசி படிந்த பச்சைப் பட்டை தண்ணீருக்கு மேலே அகலமாகத் தெரிந்தது.

"உள்ளே பம்பு எந்த உயரத்துல இருக்குடா?"

"பச்சைப் பட்டையோட மேல் ஓரத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும்ணே."

"அப்ப பாரம் ஏத்தினா பம்பு தண்ணி மட்டத்துக்குக் கீழே போயிடுது. வால்வைத் திறந்தா தண்ணி தானா வந்து பம்பு வாயில விழுந்துடும். இழுக்கவே வேணாம். காலியா இருந்தா பம்பு மேலே நிக்குது. அது தானே உறிஞ்சி இழுக்கணும். இழுக்கற சக்திதான் அதுக்கு இல்லை."

உள்ளே போய் ஒரு வாளியில் தண்ணீர் வைத்து, ஹோஸைக் கழற்றி அதன் முனையை வாளிக்குள் போட்டு ஜெனரேட்டரைப் போடச் சொன்னான். வாளித் தண்ணீர் அசையவில்லை. உடனே நிறுத்தச் சொன்னான். பிறகு பம்பின் வாயில் கையாலேயே தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட்டு மறுபடி போடச் சொன்னான். வாளி மடமடவென்று காலியானது. ஊட்டிவிட்டால் தின்கிறது, தானாக எடுத்துத் தின்னமாட்டேன் என்கிறது.

"பம்பைத் திறக்கணும்டா" என்று சொன்னானாம், யாரோ அடுத்தவர் வீட்டுப் பெட்டியைத் திறப்பது மாதிரித் தயங்கிக்கொண்டு.

திறந்தான். ரப்பர்ச் சக்கரத்தின் இதழ் நுனிகள் தண்ணீர் இல்லாமல் சுற்றினதில் கொஞ்சம் தீய்ந்திருந்தன. மற்றபடி குற்றம் இல்லை. மூடியில் ஒட்டியிருந்த பேக்கிங்கை நகத்தால் உரித்து டார்ச் வெளிச்சத்தில் பிடித்தான். கைக்குத் தடிப்பாக, கெட்டியாக இருந்தது. எண்ணெயும் தண்ணீரும் ஊறி மேல் தாள் உரிய, உள்ளே தங்க நிறத்தில் எழுத்து தெரிந்தது. நெட்டையன் எட்டிப் பார்த்து வாசித்தான்.

"'அனைவரும் வருக'ன்னு போட்டிருக்குண்ணே."

அவர்கள் மகளின் கல்யாண அழைப்பிதழ்.

பேக்கிங் கொஞ்சம் தடித்தால் என்ன என்று நானும் கேட்டேன். சக்கரத்தின் பக்கவாட்டுக்கும் மூடிக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டுமாம். கெட்டியான அட்டையை வைத்தால் மூடி அந்த அளவுக்கு விலகி நிற்கும். அந்தச் சந்தில் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடும், உறிஞ்சுவதற்குப் பிடிப்பு இருக்காது. உறிஞ்சுகுழலில் ஒரு பொத்தல் இருந்தால் எப்படியோ அப்படி. முந்தின நாள் தண்ணீர் பம்புக்குள் கொஞ்சம் தங்கியிருந்த காலைகளில் எப்படியோ இழுத்துவிட்டது, அது வடிந்துபோன காலைகளில்தான் நின்றது.

தம்பி வீட்டுக்கு வந்து அந்த வளையத்தைப் பெண்டாட்டியின் மிஷின் மேல் வைத்தான். அவள் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"அன்னைக்குப் பொண்ணோட துணியை வெட்டுற அவசரத்துல நீங்க கொடுத்த காகிதத்துல கோணலா கத்தரியைப் போட்டுட்டேன். நீங்க தூங்கிட்டீங்க. மை இழுவிப்போன கல்யாணப் பத்திரிகை ஒண்ணு கிடந்துச்சு. கெட்டியா, வழவழன்னு இருக்கே, காலருக்கு உள்ளே வைக்கிற அட்டை மாதிரி, இது இன்னும் நல்லா நிக்குமேன்னு நினைச்சேன். மடிச்சு ஒட்டினதுல எழுத்து உள்ளே போயிடுச்சு. எண்ணெய் தடவினா ஒரே மாதிரிதான் இருந்துச்சு."

"எண்ணெய் தடவினதாலதான் எனக்கும் தெரியலை."

"ஒரு தடவை கையால நெருடிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே?"

"உன் கை வெட்டினதை நான் என்னைக்கு நெருடிப் பாத்திருக்கேன்?"

நான் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைத்ததையே துடைத்தேன்.

"புதுப் பேக்கிங் போட்டுட்டா சரியாயிடும் இல்லை?" என்றாள். "சத்தமில்லாம மாட்டிட்டு வந்துடுங்க. ஓடிடும். ஓடிட்டா அவருக்கும் கோபம் ஆறிடும்."

"ஓடும். ஆனா நெட்டையன் போனதாலதான் ஓடுதுன்னு நினைப்பாரு. புது ஆள் நல்லா வால்வைத் திறக்கறான்னு சொல்லுவாரு."

அவள் ஊசிக்கு நூல் கோக்கப் பார்த்தாள். கோக்க முடியவில்லை. "அது என் பொண்ணு போய் வாழப்போற வீடுங்க. பொண்ணைக் கொடுக்கறதுக்கு முன்னாடியே, இவ அம்மாவாலதான் ஒரு வண்டி இறைச்சி கெட்டுச்சுன்னு பேச்சு வந்தா? வாழ்நாள் பூரா குத்திக் காட்ட ஒண்ணு கிடைச்சுடும். அண்ணி, நீங்களே சொல்லுங்க."

கல்யாணமாகிப் போன புதிதில் நான் பாலைப் பொங்கவிட்டதை என் மாமியார் தன் கடைசிக் காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதை நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

"நான் வெட்டினேன்னு சொல்லிடறேன்" என்றான் தம்பி. "அவருக்கு யாரு வெட்டினதுன்னு தெரியவா போகுது? என் வேலை, என் தப்பு. உன் பேரு வராது. நெட்டையன் வேலையும் போகாது."

அவள் தலையை ஆட்டினாள். சம்மதமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, படகுக்கு ஓட்டம் இல்லை. காலையிலேயே தம்பி படகுக்குப் போய், மெல்லிய பேக்கிங்கும் புதுச் சக்கரமும் மாட்டினான். பிறகு எங்களையும் கூட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனான். அவள்தான் தானும் வருகிறேன் என்று கிளம்பினாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள். சம்பந்தி முகச்சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு வந்து உட்கார்ந்தார்.

"என்ன எல்லாருமா வந்திருக்கீங்க? மண்டபம் மாறிப்போச்சா?"

தம்பி வளையத்தை மேஜைமேல் வைத்தான். படகு காலியாக இருந்தால் பம்பு எப்படி மேலே நிற்கிறது, கெட்டி அட்டையால் உறிஞ்ச முடியாமல் எப்படிப் போனது என்று நிதானமாகச் சொன்னான். "நான்தான் வேற காகிதம் இல்லைன்னு இதை வெட்டிப் போட்டுட்டேன், சம்பந்தி. தப்பு என்னுது. நெட்டையன் வால்வைத் திறந்துதான் வச்சிருந்தான்."

சம்பந்தி வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊருக்கெல்லாம் பம்பு பாக்கிற ஆள் நீங்க. பேக்கிங்குக்குப் பத்திரிகையையா வெட்டினீங்க?" என்றார். குரலில் கோபத்தைவிட ஏமாற்றம் தெரிந்தது. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

"அவரு எங்கே வெட்டினாரு?" என்றாள். "அவரு கையில கத்தரிக்கோலைக் கொடுத்தா வட்டம்கூடச் சதுரமாத்தான் வரும். நான்தான் வெட்டினேன், சம்பந்தி. அவருக்குத் தெரியவே தெரியாது. ஓரத்தைப் பாருங்க, எவ்வளவு சுத்தமா வெட்டியிருக்குன்னு. அந்த வேலை அவருக்கு வராது."

சம்பந்தியின் கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்து சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தார். நான் அவரைப் பார்த்து, காரணமே இல்லாமல் சிரித்து வைத்தேன்.

"ஆமா, சுத்தமாத்தான் இருக்கு" என்றார் சம்பந்தி கடைசியில். பிறகு வளையத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "என் பேரைப் பாதியில வெட்டியிருக்கீங்களேம்மா."

"ஓட்டை அங்கேதான் வந்துச்சு, சம்பந்தி. நான் என்ன பண்ணட்டும்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சம்பந்தியம்மாவும் உள்ளேயே நின்று சிரித்தார். ஆனால் சிரித்து முடித்த பிறகு அவர் முகம் கனத்துப்போனது. நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"சரி. அவனை நாளைக்கு வரச் சொல்லிடுங்க. புது ஆளுக்கு நான் வேண்டாம்னு சொல்லிடறேன்."

"நாங்க சொன்னா வரமாட்டான்" என்றான் தம்பி.

"ஏன்? வேலை வேணாமா அவனுக்கு?"

"வேணும். ஆனா துறையில அத்தனை பேரு முன்னாடி போகச் சொன்னது நீங்க. நான் போய் வாடான்னு கூப்பிட்டா, கொஞ்சமிரு ஏதோ கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்தான்னு ஆகிடும். வால்வு பேச்சு அப்படியே நிக்கும்."

சம்பந்தி கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "ஒரு பக்கம் சவரம் பாக்கி இருக்கு" என்று எழுந்தார். நாங்கள் வீடு திரும்பினோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள், "அந்தம்மா சிரிச்சது நல்ல சிரிப்புத்தானே, அண்ணி?" என்று கேட்டாள். நல்ல சிரிப்புத்தான் என்றேன்.

சாயங்காலம் சம்பந்தி நெட்டையன் வீட்டுக்குப் போயிருக்கிறார். அவன் வீடு ஒரு குறுகலான சந்தில் மாடியில். அந்தப் படியில் ஏறும்போது அவர் தலை இடித்துக்கொண்டது என்று நெட்டையன் சம்சாரம் சொன்னாள். அவள் நீட்டின தண்ணீரைக் குடித்துவிட்டு, "வால்வு திறந்துதான் இருந்துச்சு" என்றாராம். நெட்டையன், "ஆமாங்க முதலாளி" என்றானாம். "நாளைக்கு வந்துடு" என்றாராம். அவன் உடனே சரி என்று சொல்லவில்லை. "இதை நீங்க அங்கே சொல்லணும்" என்றானாம். அவன் சம்சாரம் பயந்துபோய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாளாம். அவனோ கையை எடுத்துவிட்டு அப்படியே நின்றானாம், நிமிர்ந்து.

திங்கட்கிழமை காலையில் நானும் படகுத்துறைக்குப் போனேன், தம்பிக்கு டீ கொண்டுபோகிற சாக்கில். படகு காலியாக உயரமாக நின்றது. பால் வண்டி, காய்கறி வண்டி எல்லாம் வரிசை கட்டியிருந்தன. நெட்டையன் படகில் ஏறாமல் கரையிலேயே நின்றான். கையில் கம்பளித் தொப்பி. சம்பந்தி வந்தார். அவருக்குச் சாதாரணமாகவே பெரிய குரல். அன்றைக்குத் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது.

"எல்லாரும் கேட்டுக்கங்க. நெட்டையன் வால்வை மறக்கலை. தப்பு பம்புல இருந்துச்சு. விசாரிக்காம நான்தான் வாயை விட்டுட்டேன்."

யார் வெட்டின பேக்கிங் என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. முன்பு முடியைப் பற்றிச் சிரித்தவன் மட்டும், "அப்ப புது டிரைவர் வரமாட்டாரா? குட்டையா ஒருத்தர் வந்தா சௌகரியமா இருக்கும்னு பாத்தோம்" என்றான். இந்தத் தடவை நெட்டையனும் சேர்ந்து சிரித்தான். தொப்பியைப் போட்டுக்கொண்டு, முதுகை வளைத்து இன்ஜின் அறைக்குள் இறங்கினான். தம்பி டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான்.

ஜெனரேட்டர் கிளம்பிற்று. முதலில் வெறும் புகை வந்தது. சம்பந்தி தம்பியைப் பார்த்தார். தம்பி படகின் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்து ஒரு இருமல், அப்புறம் ஒரு வாய், அப்புறம் கனமாக, விடாமல் தண்ணீர் வந்தது. படகு உயரமாக நின்றதால் அது நேரே துறை ஓரத்தில் விழுந்து தெறித்தது. அங்கே காய்கறிக் கூடைமேல் உட்கார்ந்திருந்த ஒருவன் துள்ளி எழுந்து, "யோவ், நெட்டை! வந்ததும் வராததுமா என் சட்டையை நனைச்சுட்டியேய்யா" என்று கத்தினான்.

கீழேயிருந்து நெட்டையன் குரல் வந்தது. "சூடு போதுமா, இன்னும் கொஞ்சம் வேணுமா?"